மர்ஹூம் ஹபீபுல்லாஹ்: நாடு கடத்தப்பட்ட ஒரு சுல்தானும் அவர் வீட்டிலிருந்து வந்த கீதமும்

எமது செய்தித் தளங்களைத் திறந்தால் தினமும் கண்ணில் படுவது ஜனாஸா அறிவித்தல். மாளிகாவத்தையைச் சேர்ந்த இன்னார் வபாத்தானார்கள், அன்னார் மர்ஹூம் இன்னாரின் மகனும் மர்ஹூம் இன்னாரின் மருமகனும் ஆவார், ஜனாஸா அஸர் தொழுகையின் பின் நல்லடக்கம் செய்யப்படும் என்று வாசித்துப் பழகிவிட்டோம். மர்ஹூம் என்பது இறைவனின் ரஹ்மத்தைப் பெற்றவர் என்ற பொருள் தரும் சொல். மௌத்தான எந்த முஸ்லிமுக்கும் துஆவாகச் சேர்க்கிறோம். அதில் செல்வந்தர், ஏழை என்ற வித்தியாசம் எம்மிடம் இல்லை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இதே சொல் அரச பட்டம். அங்கே ஒரு சுல்தான் மறைந்தால் அவருக்குப் புதியதொரு பெயர் சூட்டுவார்கள். சுல்தான் ஜஃபர் மறைவின் பின் மர்ஹூம் வலியுல்லாஹ் ஆனார். சுல்தான் இத்ரீஸ் மர்ஹூம் ரஹ்மதுல்லாஹ் ஆனார். 1922ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி கோலாகங்சார் நகரில் எண்பது வயது முதியவர் ஒருவர் மறைந்தபோது அவருக்கு மர்ஹூம் ஹபீபுல்லாஹ் என்று பெயர் வைத்தார்கள். அவர் அரியணையில் இருந்தது ஏறத்தாழ மூன்று வருடங்கள். அரியணையை இழந்து வாழ்ந்தது நாற்பத்தைந்து வருடங்கள். அவர்தான் சுல்தான் அப்துல்லாஹ் முஹம்மத் ஷா.

இவரைப் பற்றித் தேடிப் படிக்கக் காரணமாக இருந்தது என் வகுப்பு வரவுப் பதிவேடு. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்த புதிதில், சில மலாய்ப் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் நின்ற ரீ. என்ற எழுத்தைத் தகப்பனின் முதலெழுத்து என்றே நினைத்திருந்தேன். அது துவான் என்று பின்னர்தான் தெரிந்தது. மலாய் மொழியில் துவான் என்றால் ஐயா, எசமான் என்று வரும். அதுபோலவே மாஸ், ராடன் என்பனவும் ஜாவாவின் பிரபுக்களுக்குரிய பட்டங்கள். ஒல்லாந்தர் தமக்கு அடங்காத ஜாவா அரச குடும்பத்தாரை இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். 1708இல் இங்கு கொண்டுவரப்பட்ட மாத்தராம் மன்னர் மூன்றாம் அமங்குராத் 1734இல் இந்த மண்ணிலேயே உயிர்விட்டார். அவரது உடல் ஜாவாவுக்குத் திரும்பியது. அரச குடும்பத்தாரோடும் சிப்பாய்களோடும் வந்த பட்டங்கள் இன்று கொம்பனித்தெருவிலும் மாளிகாவத்தையிலும் பிறப்புச் சான்றிதழில் இருக்கின்றன. மாளிகாவத்தை என்றால் மாளிகைத் தோட்டம். இங்கே இருப்பது தொடர்மாடிகள்தான், ஆனாலும் துவான்களுக்குக் குறைவில்லை.

இனி அப்துல்லாஹ்வின் கதைக்கு வருவோம்.

அவர் 1842 செப்டம்பரில் பிறந்தார். தந்தை சுல்தான் ஜஃபர். பேராக் என்பது ஓர் ஆற்றைச் சுற்றி அமைந்த நாடு. ஆற்றின் எந்த வளைவில் யாருக்கு அதிகாரமோ அவரே அங்கு போகும் படகுக்கு வரி எடுப்பார். அரச பதவிகள் ஏணிப்படி போல ஒழுங்காக இருந்தன. மேலே சுல்தான், அடுத்து ராஜா மூடா, அதற்கடுத்து பெண்டஹாரா. சுல்தான் மறைந்தால் ராஜா மூடா மேலேறுவார், மற்றவர்கள் ஒரு படி உயர்வார்கள். 1865இல் ஜஃபர் மறைய, அலி என்பவர் சுல்தானாகி, அப்துல்லாஹ் ராஜா மூடாவானார். ஒழுங்குப்படி பார்த்தால் அடுத்த சுல்தான் அவர்தான்.

ஆனால் 1871இல் சுல்தான் அலி மறைந்தபோது அப்துல்லாஹ் ஜனாஸாவுக்குப் போகவில்லை. பேராக்கின் வழமைப்படி புதிய சுல்தானை அறிவிக்காமல் பழைய சுல்தானை அடக்கம் செய்ய மாட்டார்கள். நாடு ஒரு நாழிகையேனும் தலைவரில்லாமல் இருக்கக் கூடாது என்பது அதன் கருத்து. ஆகவே அங்கே ஜனாஸாவே பதவியேற்பும் கூட. அப்துல்லாஹ் ஏன் போகவில்லை என்பதற்குக் குடும்ப மானப் பிரச்சினை முதல் எதிரிகள் மீதிருந்த அச்சம் வரை பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. காத்திருந்து பார்த்த பிரபுக்கள் பெண்டஹாரா இஸ்மாயிலைச் சுல்தானாக அறிவித்து மையித்தை அடக்கினார்கள். இஸ்மாயில் வயதானவர், அரச பரம்பரையின் நேர் வழியில் வந்தவருமல்லர். ஆனால் அவர் அங்கே இருந்தார்.

இந்த இடத்தில் மலாய்ச் சொல் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அங்கே சுல்தானுக்கு முடிசூட்டுவதைத் தாபால் என்பார்கள். அது மேளத்தைக் குறிக்கும் தப்ல் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதாவது, மலாய் சுல்தானை மேளம் கொட்டி அமர்த்துகிறார்கள். நொபாட் எனப்படும் அரச வாத்தியக் குழு வாசித்தால்தான் ஒருவர் சுல்தான். நாகூர் தர்காவில் நகரா கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நொபாட் குழுவில் உள்ள பெரிய முரசின் பெயரும் நெங்காரா என்பதுதான். பரம்பரை பரம்பரையாக ஒரு குலத்தார் மட்டுமே பேராக்கில் அதை வாசிக்கிறார்கள். மேலை நாட்டுப் பாணியில் எழுந்து நின்று கேட்கும் கீதம் வருவதற்கு முன்னர், சுல்தானின் கீதம் இந்த நொபாட்தான். உடைவாளும் முத்திரையும் வாத்தியங்களும் யாரிடம் இருக்கின்றனவோ அவரிடமே ஆட்சியும் இருப்பதாக மக்கள் எண்ணினார்கள். அரச சின்னங்கள் இஸ்மாயிலின் கைக்குப் போயின.

அப்துல்லாஹ்வுக்கு எஞ்சியிருந்தது உரிமை மட்டுமே. அதை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியம்தான் மலாயாவின் வரலாற்றை மாற்றியது. பேராக்கின் லாருட் பகுதியில் வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன. அங்கே இரண்டு சீனச் சங்கங்கள் வருடக்கணக்காக வெட்டிக்கொண்டும் கொன்றுகொண்டும் இருந்தன. பினாங்கு, சிங்கப்பூர் வணிகர்களுக்கு இதனால் நட்டம். சிங்கப்பூர் வணிகர்களான டான் கிம் சிங், ரீட் ஆகியோரின் துணையுடன் அப்துல்லாஹ் ஆளுநருக்கு எழுதினார். தன்னைச் சுல்தானாக ஏற்றுக்கொண்டால் ஆட்சி முறையைக் காட்டித் தர ஒரு பிரித்தானிய அதிகாரியை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஆளுநர் அன்ட்ரூ கிளார்க் இப்படி ஒரு கடிதத்தைத்தான் எதிர்பார்த்திருந்தார்.

1874 ஜனவரி 20ஆம் திகதி, பங்கோர் தீவுக்கு அப்பால் நங்கூரமிட்ட புளூட்டோ என்ற கப்பலில் உடன்படிக்கை கைச்சாத்தானது. அப்துல்லாஹ் சுல்தான். சமுகமளிக்காத இஸ்மாயிலுக்கு ஓய்வூதியமும் சுல்தான் மூடா என்ற ஆறுதல் பட்டமும். சுல்தானின் பக்கத்தில் ஒரு ரெசிடென்ட் இருப்பார். மலாயரின் மார்க்கமும் வழமையும் தவிர்ந்த சகல விடயங்களிலும் அவரது ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும். ஆலோசனை என்ற அந்த ஒரு சொல்லுக்கு இரு தரப்பும் வெவ்வேறு பொருள் கொண்டன. அப்துல்லாஹ் அதைக் கேட்டுப் பார்க்கும் யோசனை என்று எடுத்துக்கொண்டார். மறுதரப்பு அதைக் கட்டளையாகக் கருதியது. இஸ்மாயிலோ அரச சின்னங்களைத் தர மறுத்துவிட்டார். ஆக, மேளம் கொட்டாத சுல்தானாகவே அப்துல்லாஹ் கரையேறினார்.

அவருக்கு வாய்த்த ரெசிடென்ட் யார் என்பதில்தான் எம் நாட்டுக்கும் ஒரு பங்கு வருகிறது. ஜேம்ஸ் வீலர் வுட்ஃபோர்ட் பேர்ச், 1846 முதல் 1870 வரை இலங்கையில் பணியாற்றியவர். வீதித் திணைக்களத்தில் தொடங்கிக் கிழக்கு மாகாண அரசாங்க அதிபராக உயர்ந்தவர். மட்டக்களப்புக் கச்சேரியின் நாற்காலியில் இருந்து பழகிய மனிதர். அரசாங்க அதிபர் என்றால் என்ன என்று எமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வரி, வீதி, குளம், வழக்கு எல்லாமே அந்த மேசைக்கு வரும். இலங்கையில் கடைசி மன்னர் 1815இலேயே பிடிபட்டுவிட்டார். குறுக்கே நிற்க ஒரு மன்னர் இல்லாத நாட்டில் இருபத்துநான்கு வருடம் உத்தியோகம் பார்த்தவரை, மன்னருக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்கு அனுப்பினார்கள். பேராக்கிலும் அவர் ஓர் அரசாங்க அதிபராகவே நடந்துகொண்டார் என்பது என் எண்ணம். மலாய் மொழியும் அவருக்குச் சரியாக வராது.

1874 நவம்பரில் பதவியேற்றார் பேர்ச். பிரபுக்கள் ஆற்றில் எடுத்துவந்த வரிகளை நிறுத்தி, எல்லா வருமானமும் அரசுக்கே என்றார். கடனுக்காக அடிமைப்பட்டிருந்த பெண்கள் தப்பி வந்தபோது தன் இருப்பிடத்தில் அடைக்கலம் கொடுத்தார். இதில் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். அந்தக் கடனடிமை முறை கொடியது. வட்டி கட்ட முடியாத குடும்பத்தின் பிள்ளை குட்டிகள் வரை பிரபுவின் வீட்டில் வேலை செய்தார்கள். இஸ்லாத்தின் பெயரால் அதற்கு நியாயம் தேட முடியாது. பேர்ச் செய்த அந்தக் காரியம் நல்லது. ஆனால் அவர் சபையில் சுல்தானைச் சிறுபிள்ளை போல அதட்டினார், பிரபுக்களின் பிழைப்பைப் பறித்து மாற்று வழி எதுவும் காட்டவில்லை.

1875 ஒக்டோபரில் புதிய ஆளுநர் ஜேர்வொய்ஸ், பிரித்தானிய அதிகாரிகளே சுல்தானின் பெயரால் நேரடியாக ஆள்வதற்கான பிரகடனங்களில் அப்துல்லாஹ்விடம் கையொப்பம் வாங்கினார். அவர் நெருக்கடியில் கையொப்பமிட்டார். அதே வேளை பேர்ச்சை ஒழிக்கும் ஆலோசனைகளிலும் அவருக்குப் பங்கிருந்தது என்று பின்னைய விசாரணை சொன்னது. ஆவிகளை அழைத்து பேர்ச்சின் முடிவைக் குறி கேட்ட ஒரு சடங்கில் சுல்தானும் கலந்துகொண்டார் என்ற சாட்சியமும் அதில் உண்டு. வாசிக்க எமக்குச் சங்கடமான பகுதிதான். அவரைத் தியாகியாக வரைய விரும்புவோர் இதை விட்டுவிடுகிறார்கள். நான் விடவில்லை.

நவம்பர் 2ஆம் திகதி, நோன்புப் பெருநாள் முடிந்து ஓரிரு நாள். பாசிர் சாலாக் கிராமத்தில் பேர்ச்சின் ஆட்கள் பிரகடனங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஆற்றோரக் குளிப்பறையில் இருந்தார். அங்கேயே ஈட்டிகள் பாய்ந்தன. கிராமத்தின் பிரபு மகாராஜா லேலாவே தலைமை தாங்கினார். பிரித்தானியப் படைகள் இறங்கின. மகாராஜா லேலா உட்பட மூவர் 1877 ஜனவரி 20ஆம் திகதி தூக்கிலிடப்பட்டனர். பங்கோர் உடன்படிக்கைக்குச் சரியாக மூன்று வருடம். தீர்ப்பு வழங்கிய நீதிபதிகளில் ராஜா யூசுப்பும் ஒருவர். அவர்தான் பின்னர் சுல்தானாக்கப்பட்டார். இஸ்மாயில் ஜொகூருக்கு அனுப்பப்பட்டார்.

அப்துல்லாஹ் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. விசாரணைக் குழு ஒன்று சாட்சியங்களைத் தொகுத்தது, அரசாங்கம் முடிவெடுத்தது, அவ்வளவுதான். 1877இல் மனைவி மக்களோடும், லாருட்டின் மந்திரி ஙா இப்ராஹீம் முதலான பிரபுக்களோடும் இந்து சமுத்திரத்தின் மறுகோடியில் உள்ள சீஷெல்ஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். ஆறு வருடங்களின் பின் அதே பிரித்தானியர் எகிப்தின் ஒராபி பாஷாவை எம்மிடம் அனுப்பினார்கள். எகிப்தியருக்கு இலங்கை, மலாயருக்கு சீஷெல்ஸ். எவரையும் அவரது மக்களின் காதுக்கு எட்டாத இடத்தில் வைப்பது ஒரு கணக்கு. ஒராபி பாஷாவைச் சுற்றி இங்கே ஒரு முஸ்லிம் சமூகம் கூடியது, கல்வி பற்றிப் பேச்செழுந்தது, ஸாஹிராவின் வரலாற்றில் அவர் பெயர் நிற்கிறது. அப்துல்லாஹ் போய் இறங்கிய மாஹே தீவில் அப்படிக் கூடுவதற்கு ஒரு சமூகம் இருக்கவில்லை. பிரெஞ்சு சார்ந்த கிரியோல் பேசும், பெரும்பாலும் கத்தோலிக்கர் வாழும் தீவு அது. உத்தியோகக் கடிதங்களில் அவர் பெயருக்கு முன்னால் முன்னாள் என்ற சொல் ஏறியது. தான் குற்றமற்றவர் என்று மனு மேல் மனு எழுதினார்.

பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். தீவின் பொது இடங்களில் பிரெஞ்சு வாத்தியக் குழு ஒன்று வாசித்த மெட்டொன்று அக்காலத்தில் மாஹேயில் பலரது வாயிலும் இருந்தது. லா ரோசாலி என்ற பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு என்று சொல்வார்கள். பெற்றோரின் ஊரைப் பற்றிக் கதையாகவே கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு அது காதில் தங்கிவிட்டது.

அடுத்து நடந்ததை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு அப்போதைய பேராக் சுல்தான் இத்ரீஸ் இங்கிலாந்து புறப்பட்டார். வரவேற்பின்போது வாசிக்க உங்கள் நாட்டுக் கீதம் எது என்று ஆங்கிலேய அதிகாரிகள் கேட்டார்கள். நொபாட் இருந்தது, ஆனால் அதை ஆங்கிலேய பாண்ட் குழு வாசிக்க முடியாது. கீதம் இல்லை என்று சொல்வதும் கௌரவக் குறைவு. சுல்தானின் செயலாளராகச் சென்ற ராஜா ஹாரூன், கீதம் உண்டு, எழுதித்தான் வைக்கவில்லை என்று சமாளித்து, சிறுவயதில் மாஹேயில் கேட்ட மெட்டை முணுமுணுத்துக் காட்டினார். பாண்ட் மாஸ்டர் எழுதிக்கொண்டார். இன்னொரு கதையில் இதைச் செய்தவர் ராஜா மன்சூர், காலமும் சற்று முந்தியது. எந்தக் கதையை எடுத்தாலும் முணுமுணுத்தவர் அப்துல்லாஹ்வின் மகன். கேட்டுக்கொண்டு நின்ற வெள்ளையருக்கு அது தாம் நாடு கடத்திய மனிதரின் வீட்டிலிருந்து வருகிறது என்று தோன்றியிருக்காது.

அந்த மெட்டுக்கு மலாய்ச் சொற்கள் சேர்ந்து பேராக்கின் மாநில கீதமாயிற்று. பெயர் அல்லாஹ் லஞ்சுத்கன் உசியா சுல்தான். அல்லாஹ் சுல்தானின் ஆயுளை நீடிப்பானாக என்று பொருள். மலாய் மாநிலங்களின் அரச கீதங்கள் பலவும் இப்படித் துஆவாகவே அமைந்தவை. ஜொகூரின் கீதமும் சுல்தானுக்காக இறைவனிடம் கேட்பதுதான். எமது நாட்டில் கீதத்தை எந்த மொழியில் பாடுவது என்பதே விவகாரம். 2016 சுதந்திர தின விழாவில் தமிழில் பாடப்பட்டது, 2020இல் பாடப்படவில்லை. காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை நிறுத்தி வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியர்களுக்கு அந்தச் செய்திகளின் கனம் தெரியும்.

1890களில் அப்துல்லாஹ் சிங்கப்பூர் வரை திரும்பிவர அனுமதிக்கப்பட்டார். பேராக்குக்குள் வர அனுமதியில்லை. யூசுப் மறைந்தார், இத்ரீஸ் 1887 முதல் 1916 வரை ஆண்டு மறைந்தார், அவருக்குப் பின் அப்துல் ஜலீல் வந்து போனார், இஸ்கந்தர் சுல்தானானார். மகன் ராஜா சூலான் பிரித்தானிய நிர்வாகத்திலேயே உயர்ந்த பதவிகளை வகித்தார். கோலாலம்பூர் போனவர்கள் ஜாலான் ராஜா சூலான் வீதியில் நடந்திருப்பீர்கள், அவர் பெயர்தான் அது. இவ்வளவும் நடந்தபின், 1922இல்தான் முதியவரை ஊருக்குள் விட்டார்கள். அதே வருட இறுதியில் மௌத்தானார். புக்கிட் சண்டானில் உள்ள அரச மையவாடியில் சுல்தான்களோடு சுல்தானாக அடக்கப்பட்டார். பதிவேடுகளில் முன்னாள் சுல்தானாக இருந்தவருக்கு ஊர் மர்ஹூம் ஹபீபுல்லாஹ் என்று பெயர் கொடுத்தது. அல்லாஹ்வின் நேசர். எம்மிடையே நபி (ஸல்) அவர்களைக் குறிக்கவே அதிகம் வழங்கும் சொல் அது.

அந்த மெட்டு அதற்குள் தன் வழியில் போய்விட்டது. இந்தோனேசிய நாடகக் குழுவொன்று அதைக் கேட்டு தெராங் புலான் என்ற காதல் பாட்டாக்கியது. தெராங் புலான் என்றால் நிலா வெளிச்சம். ஹோட்டல்களிலும் நடன மண்டபங்களிலும் அது ஒலித்தது. 1957இல் மலாயா சுதந்திரம் பெறும் நேரம் வந்தது. தேசிய கீதத்துக்காக உலகளாவிய போட்டி வைத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆக்கங்கள் வந்தன. பேர்பெற்ற மேலை நாட்டு இசையமைப்பாளர்களிடமும் கேட்டார்கள். எதுவும் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழுவுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் மாநில கீதங்களுக்குள் தேடி, பேராக்கின் மெட்டையே எடுத்தார்கள். புதிய சொற்கள் எழுதி நெகாராகூ, அதாவது என் நாடு என்று பெயரிட்டார்கள். 1957 ஓகஸ்ட் 31ஆம் திகதி பிரித்தானியக் கொடி இறங்கியபோது ஒலித்த கீதம் அதுதான். பின்னர் காதல் பாட்டாக அதை வாசிப்பது தடை செய்யப்பட்டது.

பேராக் தன் கீதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மலேசியாவில் இன்றும் ஒரே மெட்டுக்கு இரண்டு பாட்டுகள் உண்டு. நாட்டுக்கு ஒன்று, பேராக் சுல்தானின் ஆயுளுக்கு ஒன்று. ஆனால் அந்த சுல்தானை அரியணையில் அமர்த்தும் நாளில் வாசிக்கப்படுவது இரண்டுமல்ல, அப்துல்லாஹ்வுக்கு இஸ்மாயில் கொடுக்க மறுத்த அந்தப் பழைய நொபாட்தான்.